இசைத்தட்டு மேடை: 'பேரலல் லைன்ஸ்' – வாசகர் கேள்விகள்

பிளாண்டி குழுவின் 'பேரலல் லைன்ஸ்' தொகுப்பைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் பாதி 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' என்ற ஒரே பாட்டைச் சுற்றியே இருந்தன. அதனால் இந்த முறை பகுதி முழுவதும் இந்தத் தட்டுக்கே.

கே: பிளாண்டி என்பது அந்தப் பாடகியின் பெயர்தானே? குழு என்று எழுதியிருக்கிறீர்களே?

ப: குழுதான். பாடகியின் பெயர் டெபி ஹாரி. அவரும் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்டைனும் 1974இல் நியூயார்க்கில் தொடங்கியது. இந்தத் தட்டில் வாசிப்பவர்கள்: டிரம்ஸ் கிளெம் பர்க், கீபோர்டு ஜிம்மி டெஸ்ட்ரி, பேஸ் நைஜல் ஹாரிசன், இன்னொரு கிட்டார் ஃபிராங்க் இன்ஃபான்டே. உங்களுக்கு வந்த குழப்பம் அந்தக் காலத்திலேயே எல்லோருக்கும் இருந்தது. 'பிளாண்டி ஒரு குழு' என்று பேட்ஜ் அச்சடித்து விநியோகித்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை.

கே: இது வணிக ரீதியாகப் பெரிய வெற்றி என்கிறீர்கள். ஆனால் அமெரிக்காவில் முதலில் விலை போகவில்லை என்றும் படித்தேன். எது சரி?

ப: இரண்டுமே சரி. தட்டு வந்தது 1978 செப்டம்பர். பிரிட்டனில் இவர்களுக்கு ஏற்கெனவே வாசல் திறந்திருந்தது. அதே ஆண்டில் இவர்களின் 'டெனிஸ்' என்ற பாட்டு அங்கே விற்பனைப் பட்டியலில் 2ஆம் இடம் வரை போயிருந்தது. அந்தச் சூட்டோடு 'பிக்சர் திஸ்' 12ஆம் இடத்தையும் 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்' 5ஆம் இடத்தையும் பிடித்தன. 1979இன் தொடக்கத்தில் 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' முதலிடம். பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மே மாதம் 'சண்டே கேர்ள்', மறுபடியும் முதலிடம். 1979இல் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற தொகுப்பு இதுதான்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே முதல் சிங்கிளாக (தனிப் பாட்டுத் தட்டாக) விட்டது 'ஐம் கோனா லவ் யூ டூ' என்ற பழைய பட்டி ஹாலி பாட்டு. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் குதியாட்டம், அவ்வளவுதான். தொகுப்பிலேயே மிக லேசான பாட்டை முகப்பில் வைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அடுத்து விட்ட 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்' நல்ல பாட்டு. இருந்தும் வானொலிகள் எடுக்கவில்லை. மூன்றாவதாக 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' வந்தபிறகுதான் எல்லாம் மாறியது. 1979 ஏப்ரல் கடைசியில் அது அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. தொகுப்பு 6ஆம் இடம் வரை ஏறியது. 'ஒன் வே ஆர் அனதர்' 24இல் நின்றுவிட்டது. இன்று விளம்பரங்களிலும் படங்களிலும் அதிகம் கேட்பது அந்தப் பாட்டுதான் என்பது வேடிக்கை.

கே: நியூ வேவ் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எனக்கு இந்தத் தட்டில் பாப்பும் ராக்கும்தான் கேட்கிறது.

ப: காதில் படும் அடையாளங்களைச் சொல்கிறேன். பாட்டுகள் குட்டையானவை, 12 பாட்டும் சேர்த்து 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீண்ட கிட்டார் தனி ஆவர்த்தனம் கிடையாது. கிட்டார் பங்க் (வேகமான, முரட்டு ராக்) போல முரட்டுத்தனமாக வெட்டி வாசிக்கும். ஆனால் சுருதி சுத்தமாக இருக்கும். மேலே ஆர்கனோ சிந்தசைசரோ வெளிப்படையாகச் செயற்கையான ஒலியில் நிற்கும். பாடகி உருகமாட்டார். 'சண்டே கேர்ள்' கேளுங்கள்: மெட்டு அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டு, பாடும் தோரணை நியூயார்க் பங்க் குழுக்களின் சி.பி.ஜி.பி. கிளப் மேடை. அந்த முரண்தான் விஷயம். உங்கள் காதில் பாப் கேட்டால் காது சரியாகத்தான் வேலை செய்கிறது.

கே: முதல் இரண்டு தட்டுகளைவிட இது இவ்வளவு துல்லியமாக ஒலிப்பதற்கு என்ன காரணம்? ஸ்டூடியோவா, தயாரிப்பாளரா?

ப: தயாரிப்பாளர். முதல் இரண்டையும் தயாரித்தவர் ரிச்சர்ட் காட்டெரர். மேடையில் குழு எப்படி இருந்ததோ அதை ஏறக்குறைய அப்படியே பிடித்து வைத்தார். அதில் ஒரு அழகு உண்டு, தடுமாற்றமும் உண்டு. மூன்றாவது தட்டுக்கு வந்தவர் ஆஸ்திரேலியரான மைக் சாப்மன். நிக்கி சின் என்பவரோடு சேர்ந்து ஸ்வீட், சூசி குவாட்ரோ, மட் போன்றவர்களுக்கு வரிசையாக ஹிட் பாட்டு எழுதிக் கொடுத்தவர். மூன்று நிமிடத்தில் எங்கே எது வரவேண்டும் என்று கணக்குத் தெரிந்த ஆள்.

1978 ஜூன், ஜூலையில் நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டூடியோவில் பதிவு. சாப்மன் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால், ஒரு பகுதி சரியாக அமையும்வரை அடுத்ததுக்குப் போகமாட்டார். பேஸும் கிக் டிரம்மும் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) ஒன்றாக விழுகின்றனவா, இரண்டு கிட்டாரும் ஒரே சுருதியில் இருக்கின்றனவா, கோரஸில் நுழையும் மூச்சு சரியா என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார். குழுவுக்குப் பழக்கமில்லாத வேலை, உரசல் நிறைய. என்றாலும் மொத்த வேலையும் ஆறு வாரத்தில் முடிந்தது. இவ்வளவு கெடுபிடியை ஆறு வாரத்தில் அடக்கினார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

இரண்டாவது தட்டான 'பிளாஸ்டிக் லெட்டர்ஸ்'இல் ஏதாவது ஒரு வேகமான பாட்டைக் கேட்டுவிட்டு உடனே இந்தத் தட்டின் 'வில் எனிதிங் ஹாப்பன்' போடுங்கள். வேகம் குறையவில்லை. ஆனால் கிட்டார் அறுபடும் இடமும் ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான டிரம்) விழும் இடமும் ஒரே இடம். சாப்மன் சம்பாதித்துக் கொடுத்தது அந்த ஒரு நூலிழைதான்.

கே: 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' தொடக்கத்தில் டிக் டிக் என்று வருவது மனிதர் வாசிப்பதா, மெஷினா?

ப: முதலில் வருவது மெஷின்; அதன்மேல் கிளெம் பர்க். இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகினால் பாட்டே வேறு மாதிரித் தெரியும்.

மெஷினின் பெயர் ரோலண்ட் சி.ஆர்-78 காம்ப்யூரிதம். 1978இல்தான் சந்தைக்கு வந்தது. பதிவின்போது புத்தம் புதிய பொருள். வீட்டு ஆர்கன் வாசிப்பவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்த மரப்பெட்டி. வால்ட்ஸ், ராக், போசா நோவா என்று தயார்த் தாளங்கள் பொத்தான்களாக வரிசையில் இருக்கும். ஒரு பொத்தானோடு இன்னொன்றையும் சேர்த்து அழுத்தினால் இரண்டு தாளமும் கலந்து வரும். இந்தப் பாட்டில் கேட்பது மாம்போ, பெகீன் என்ற இரண்டின் கலவை. டிஸ்கோ என்ற பொத்தானை அழுத்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் அந்தத் தொடக்கம் எந்த டிஸ்கோ பாட்டைப் போலவும் இல்லாமல் சற்று நொண்டி நடக்கிறது.

இந்தப் பெட்டியில் இன்னொரு வசதியும் உண்டு. தாளத்தோடு சேர்த்து ஒரு மின் துடிப்பையும் வெளியே அனுப்பும். அதை சிந்தசைசரில் செருகினால், பிடித்து வைத்திருக்கும் சுரம் தாளத்துக்கு ஏற்ப விட்டுவிட்டு ஒலிக்கும். பாட்டின் அடியில் துடித்துக்கொண்டே இருக்கும் அந்தக் கீபோர்டு இப்படி வந்தது. கருவிகளை இணைக்கும் மிடி முறை வர இன்னும் ஐந்து ஆண்டு இருந்த காலம் அது. இதற்கு ஜெர்மனியின் மின்னணு இசைக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் பாதிப்பு இருப்பதை பிளாண்டி குழுவினரே மறைக்கவில்லை.

அதன்பிறகு டிரம்ஸ். பர்க் முழு செட்டையும் ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. கிக் டிரம்மை மட்டும் முதலில் பதிவு செய்தார்கள்; மற்றவை பிறகு அடுக்கப்பட்டன. ஒரு காலை மட்டும் ஆட்டிக்கொண்டு நான்கு நிமிடம் உட்கார்ந்திருப்பது எந்த டிரம்ஸ்காரருக்கும் தண்டனைதான். ஆனால் பலன் இரண்டு. கிக்கின் ஒலியில் ஹை-ஹேட்டின் (ஜோடி உலோகத் தட்டு) சலசலப்பு கலக்காது. எனவே கிக்கை எவ்வளவு தடிப்பாக்கினாலும் மேலே சத்தம் கூடாது. இன்னொன்று, மெஷினோடு கிக் பொருந்துவதை மட்டும் தனியாகச் சோதித்துச் சரிசெய்ய முடிந்தது. கம்ப்யூட்டரில் இழுத்து நகர்த்தும் வசதி இல்லாத காலத்தில் வேறு வழியும் இல்லை.

கே: எங்கள் குழுவில் இந்தப் பாட்டை டிரம் மெஷினோடு வாசிக்க முயல்கிறோம். டிரம்ஸ்காரர் நன்றாக வாசிப்பவர்தான். ஆனாலும் மெஷினோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே தவறு?

ப: பெரும்பாலும் அவரிடம் தவறு இருக்காது, ஸ்பீக்கர் வைத்த இடத்தில் இருக்கும். ஒலி காற்றில் 3.4 மீட்டர் கடக்க 10 மில்லி விநாடி எடுக்கும். மெஷின் ஒலி வரும் பெட்டி அவரிடமிருந்து ஏழு மீட்டர் தள்ளி இருந்தால் அவர் கேட்பதே 20 மில்லி விநாடி தாமதம். அதைக் கேட்டு அவர் சரியாக அடித்தாலும் மைக்கில் பதிவாவது தாமதம்தான். இரண்டு அடிகளுக்கு நடுவே 10 மில்லி விநாடி வந்தாலே கூர்மை மழுங்கும். 25, 30 போனால் 'டடக்' என்று இரட்டையாகவே கேட்கும்.

செய்யவேண்டியது: டிரம்ஸ்காரருக்கு மெஷினை ஹெட்போனில் கொடுங்கள். காதை மூடும் வகையாக இருக்கட்டும். திறந்த வகையென்றால் டிக் டிக் மைக்கில் ஒழுகும். கம்ப்யூட்டர் வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் பஃபர் (ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் துண்டு) அளவைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்பது ஒரு வழிக்கு மட்டும் 11.6 மில்லி விநாடி. 128க்குக் குறைத்தால் 2.9. வேகம் நிமிடத்துக்கு 115 பீட் அளவில் வையுங்கள். அப்போது ஒரு பீட் சுமார் 522 மில்லி விநாடி, அரை பீட் 261, கால் பீட் 130. எக்கோ வைப்பதானால் இந்த எண்களில் ஒன்றையே வையுங்கள். தோராயமாக 300 என்று வைத்தால் மூன்றாவது பாரிலேயே (நான்கு பீட் ஒரு பார்) சேறாகிவிடும்.

தாளத்தைப் புரோகிராம் செய்ய: சி.ஆர்-78 ஒலிகள் உள்ள மென்பொருள் இருந்தால் மாம்போவையும் பெகீனையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். ஒலி மட்டம் கிக்கைவிட நன்றாகக் கீழே இருக்கவேண்டும். மெஷின் இருப்பது தெரியவேண்டும், அது பாட்டை இழுத்துப் போகக்கூடாது. டிரம்ஸ்காரர் வாசிப்பது: நான்கு பீட்டை 16 ஸ்டெப்பாகப் பிரித்தால், கிக் 1, 5, 9, 13, ஸ்னேர் 5, 13. முதலில் இந்த இரண்டோடு மட்டும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஹை-ஹேட்டை அதன்பிறகு சேர்க்கலாம். எல்லோரும் முதல் தடவையே முழு செட்டோடு தொடங்குவதால்தான் எது பிசகுகிறது என்றே கண்டுபிடிக்க முடிவதில்லை.

கிக்கோடு மெஷின் சேர்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? சரியாகச் சேர்ந்தால் மெஷினின் ஒலி காதிலிருந்து மறைந்து, கிக்குக்குக் கூர்மை கூடியதுபோல் இருக்கும். இரண்டும் தனித்தனியாகக் கேட்டால் இன்னும் சேரவில்லை.

கே: அதே பாட்டில் நடுவே வாத்தியம் மட்டும் வரும் இடத்தில் கை தட்டினால் தப்பிப் போகிறது. என் கையில் கோளாறா?

ப: இல்லை. அந்த இடைப்பகுதியில் நான்கு நான்காக எண்ணினால் நிற்காது. ஏழு பீட்கள் கொண்ட சுற்று வருகிறது. ஒன்று முதல் ஏழு வரை எண்ணி மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். கை சரியாக விழும். நடன அரங்கில் ஓடிய பாட்டுக்குள் இப்படி ஒரு குறும்பு. ஆடுகிறவர்கள் கால் ஒரு கணம் தடுக்கியிருக்க வேண்டும். ஆனால் கிக் நிற்காமல் ஓடுவதால் பலர் கவனிப்பதே இல்லை.

மெஷினோடு வாசிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு கண்ணி உண்டு. மெஷின் நான்கு பீட் சுற்றில் ஓடிக்கொண்டே இருக்க, நீங்கள் ஏழில் வாசித்தால், இரண்டும் மறுபடி ஒன்றாகத் தொடங்க 28 பீட் ஆகும். அதற்குள் மெஷினின் அழுத்தங்கள் எல்லாம் தவறான இடத்தில் விழும். எனவே அந்தப் பகுதிக்குத் தனிப் பேட்டர்ன் செய்யுங்கள். ஏழு பீட் என்றால் 28 ஸ்டெப்: 16 ஸ்டெப்பில் ஒன்று, 12 ஸ்டெப்பில் நிறுத்திய இன்னொன்று. இரண்டையும் சங்கிலியாகக் கோத்துவிடுங்கள். ஸ்டெப் எண்ணிக்கையை மாற்ற முடியாத மெஷின் என்றால் அந்த இடத்தில் அதை நிறுத்திவிட்டு டிரம்ஸ்காரரை மட்டும் வாசிக்கவிடுவது மேல்.

கே: பழைய தட்டு ஒன்று வாங்கப்போகிறேன். 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' நீளம் தட்டுக்குத் தட்டு மாறுமாமே?

ப: மாறும். முதல் அச்சில் இருந்தது 3 நிமிடம் 54 விநாடி. 12 அங்குல சிங்கிளுக்காக நீட்டிய வடிவம் 5 நிமிடம் 50 விநாடி. அந்தப் பாட்டு அமெரிக்காவில் ஓடத் தொடங்கியதும், 1979 மார்ச் முதல் வந்த அச்சுகள் பலவற்றில் நீண்டதை வைத்துவிட்டார்கள். எல்லா அச்சிலும் அல்ல. பட்டியல் எண் அமெரிக்காவில் சி.எச்.ஆர். 1192, பிரிட்டனில் சி.டி.எல். 1192. எண்ணை மட்டும் பார்த்து எந்த வடிவம் என்று சொல்ல முடியாது. மாற்றிய பிறகும் அதே எண்தான்.

பார்க்கவேண்டியது லேபிளில் அச்சிட்ட நேரம். அதையும் முழுவதும் நம்பாதீர்கள். லேபிள் ஒன்றும் தட்டு ஒன்றுமாகக் கலந்துவிடுவது அச்சுக்கூடங்களில் நடப்பதுதான். தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்து இரண்டாம் பக்கத்தின் நான்காவது பட்டையைப் பாருங்கள். குறுகிய வடிவமென்றால் அது மற்றப் பாட்டுகளைவிடச் சற்றே அகலம். நீண்ட வடிவமென்றால் அடுத்து வரும் 'ஐம் கோனா லவ் யூ டூ'வைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இருக்கும். போட்டுக் கேட்க முடிந்தால் இன்னும் எளிது: இரண்டாம் பக்கம் மொத்தம் பதினெட்டரை நிமிடம் அளவில் முடிந்தால் குறுகியது, இருபதரை என்றால் நீண்டது.

எதை வாங்குவது? என் ஓட்டு 3:54க்கு. நீண்டது ஆடுவதற்கு நன்றாக இருக்கும், ஆனால் தொகுப்பின் நடுவில் அது வந்து உட்கார்ந்ததும் மற்ற பதினொன்றும் துணைப் பாட்டுகள் போல ஆகிவிடுகின்றன. 'பேரலல் லைன்ஸ்' என்ற பெயரில் பாடல் எதுவும் தட்டில் இல்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். டெபி ஹாரி அந்தப் பெயரில் எழுதிய வரிகள் முதல் அச்சின் உறையில் இருந்தன, பாட்டாகப் பதிவாகவில்லை. உறையோடு வாங்கினால் அதையும் சரிபாருங்கள்.

கே: என்னிடம் உள்ள தட்டில் கடைசி இரண்டு பாட்டில் மட்டும் 'ஸ்' ஒலி சீறுகிறது. தட்டு போய்விட்டதா?

ப: உடனே முடிவு கட்டவேண்டாம். தட்டின் ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் விநாடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. மையத்துக்கு ஆறு சென்டிமீட்டர் அருகே வரும்போது அதே விநாடியில் 21 சென்டிமீட்டர்தான். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்துக்குள் திணிக்கவேண்டியிருப்பதால் உயர்ந்த ஒலிகள் நெருக்கமாகி, ஊசி அவற்றைச் சரியாகத் தொடராது. நீண்ட 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' உள்ள அச்சில் கடைசி இரண்டு பாட்டும் இன்னும் உள்ளே தள்ளப்படுகின்றன. 'ஜஸ்ட் கோ அவே'யில் எல்லோரும் சேர்ந்து கத்தும் இடம் முதலில் அடிபடும்.

முதலில் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீர் நான்கு பங்கு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, வாசனையும் நிறமும் இல்லாத சோப்புத் திரவம் லிட்டருக்கு இரண்டு துளி. மென்மையான துணியாலோ பிரஷ்ஷாலோ பள்ளத்தின் திசையில் வட்டமாகத் துடைக்கவும், குறுக்கே தேய்க்கக்கூடாது. லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரால் ஒருமுறை அலசி, செங்குத்தாக நிறுத்தி முழுதாகக் காயவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்பு பள்ளத்திலேயே தங்கி, கழுவாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அரக்கில் செய்த பழைய 78 தட்டுகளுக்கு இந்தக் கலவை ஆகாது. ஆல்கஹால் அவற்றைக் கரைக்கும்.

கழுவியும் சீறினால் ஊசியின் எடையைப் பாருங்கள். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் நடுவிலிருந்து மேல்பக்கமாக வையுங்கள். பெரும்பாலானவற்றுக்கு அது 2 கிராமை ஒட்டி இருக்கும். தட்டு தேயுமே என்று பயந்து எடையைக் குறைப்பவர்கள் உண்டு. எடை குறைந்த ஊசி பள்ளத்தில் துள்ளி, சுவரை இன்னும் மோசமாகச் செதுக்கும். அடுத்து கார்ட்ரிட்ஜின் கோணம். அட்டை அளவுகோல் வைத்து அதில் குறித்த இரண்டு புள்ளியிலும் நேர் பார்க்கவேண்டும். இவ்வளவும் செய்து, வேறொரு தட்டின் கடைசிப் பாட்டு சுத்தமாகவும் இது மட்டும் சீறியும் இருந்தால், முன்பு வைத்திருந்தவர் தேய்ந்த ஊசியால் ஓட்டியிருக்கிறார். அதற்கு மருந்து இல்லை.

கே: டெபி ஹாரியின் குரல் சில இடங்களில் அகலமாக, இருவர் பாடுவதுபோல் கேட்கிறது. வீட்டில் பதிவு செய்யும்போது என் குரலை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தேன். வெறும் சத்தம்தான் கூடியது.

ப: நகல் ஒட்டினால் அதுதான் நடக்கும், 6 டெசிபல் சத்தம் கூடும், வேறொன்றும் இல்லை. நகலை 10 மில்லி விநாடி தள்ளி வைத்தால் இன்னும் மோசம்: 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி அழிந்து, குழாய்க்குள் பாடுவதுபோல் ஆகும். இரட்டைக் குரல் என்றால் அதே வரியை மறுபடி ஒருமுறை பாடவேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் சுருதியும் நேரமும் நூலளவு மாறுவதால்தான் அந்த அகலம் வருகிறது.

இரண்டாவது முறை பாடும்போது முதல் குரலை ஒரு காதில் மட்டும் கேளுங்கள். 'ச', 'ட', 'க' போன்ற ஒலிகளைத் தளர்த்திப் பாடுங்கள். இரண்டு முறையும் கடினமாகப் பாடினால் ஒவ்வொரு சொல்லின் தொடக்கமும் இரண்டாகத் தெறிக்கும். கலக்கும்போது இரண்டாவதை 6 டெசிபல் கீழே வைத்துத் தொடங்குங்கள். பாட்டு முழுவதும் இரட்டிக்கவேண்டாம். சரணம் ஒற்றை, கோரஸ் இரட்டை என்று வைத்தால் கோரஸ் வரும்போது தானே விரியும். 'ஹார்ட் ஆஃப் கிளாஸ்' பாடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது மேல் ஸ்தாயியில் மெல்லிய தலைக்குரலில் பாடியது. நெஞ்சுக்குரலில் முட்டிப் பாடினால் சுருதி கீழே இறங்கும், மூன்றாவது டேக்கில் தொண்டையும் கட்டும். அதே தட்டில் 'ஒன் வே ஆர் அனதர்' முழுக்க நெஞ்சுக்குரலும் உறுமலும்தான். ஒரே நாளில் இரண்டையும் பதிவு செய்வதானால் மென்மையானதை முதலில் முடித்துவிடுங்கள்.

கே: 'ஹேங்கிங் ஆன் தி டெலிஃபோன்' தொடக்கத்தில் வரும் மணி அமெரிக்கப் போன் மாதிரி இல்லையே?

ப: நல்ல காது. அது பிரிட்டிஷ் மணி: இரண்டு குட்டை ஒலி, பிறகு நீண்ட இடைவெளி. அமெரிக்காவில் ஒரே நீள ஒலி. சாப்மனின் யோசனை. பாட்டு பிளாண்டியுடையது அல்ல; ஜாக் லீ எழுதி, லாஸ் ஏஞ்சலஸின் நெர்வ்ஸ் குழு 1976இல் பதிவு செய்தது. 'வில் எனிதிங் ஹாப்பன்' பாட்டும் அவருடையதே.

கே: இது டிஸ்கோவுக்கு விலை போன தட்டு என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார்.

ப: 12 பாட்டில் ஒன்று டிஸ்கோ. அந்த ஒன்றும் 1978இல் சந்தையைப் பார்த்து எழுதியது அல்ல. 'ஒன்ஸ் ஐ ஹேட் அ லவ்' என்ற பெயரில் 1975இலேயே அதன் டெமோ (மாதிரிப் பதிவு) இருக்கிறது. குழுவுக்குள் அதற்கு 'டிஸ்கோ பாட்டு' என்றே செல்லப்பெயர். மெதுவாகவும் ஃபங்க் சாயலோடும் இருக்கும். நடுவில் ரெக்கே மாதிரிகூட வாசித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். சாப்மன் அதைத் தூசி தட்டி எடுத்தார். நியூயார்க்கில் அவர்களைச் சுற்றி இருந்த பங்க் வட்டம் கோபப்பட்டது உண்மை. 1979 ஜூலையில் சிகாகோவின் காமிஸ்கி பார்க் விளையாட்டு மைதானத்தில் டிஸ்கோ தட்டுகளைக் குவித்து வெடி வைத்தே தகர்த்தார்கள். ராக் ரசிகர்களின் மனநிலை அது. அதற்கு இரண்டரை மாதம் முன்புதான் ஒரு ராக் குழு டிஸ்கோ பாட்டோடு முதலிடத்தில் இருந்தது. விலை போவதென்றால் அதைவிடப் பாதுகாப்பான வழிகள் இருந்தன என்று நண்பரிடம் சொல்லுங்கள்.

கே: 'ஃபேட் அவே அண்ட் ரேடியேட்' பாட்டில் வரும் கிட்டார் மட்டும் வேறு யாரோ வாசிப்பதுபோல் இருக்கிறதே?

ப: வேறு ஒருவர்தான். கிங் கிரிம்சன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ராபர்ட் ஃபிரிப். இரவில் ஹெட்போனில் கேளுங்கள்.

கே: அட்டைப்படத்தில் ஆண்கள் எல்லோரும் சிரிக்க, டெபி ஹாரி மட்டும் முறைத்துக்கொண்டு நிற்பது ஏன்?

ப: எடோ பெர்டோக்லியோ எடுத்த படம். கறுப்பு வெள்ளைக் கோடுகளின் முன்னால் கறுப்பு சூட்டில் ஐவர், நடுவில் வெள்ளை உடையில் அவர். யோசனை அப்போதைய மேலாளர் பீட்டர் லீட்ஸுடையது. குழுவுக்குப் பிடிக்கவில்லை, படம் அச்சாகிவிட்டது. பிடிக்காத அந்த அட்டைதான் இன்று டீ-சட்டைகளில் ஓடுகிறது. 2024இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்தத் தட்டைச் சேர்த்தது.

கே: இதைக் கேட்டு முடித்தவர் அடுத்து எதைக் கேட்கலாம்?

ப: அதே சாப்மன் தயாரித்த 'ஈட் டு தி பீட்', 1979. எல்லாப் பாட்டுக்கும் வீடியோ எடுத்தார்கள். அப்போது அது யாரும் செய்யாதது. ஆனால் வீடியோவுக்காக அல்ல, முதல் பாட்டான 'ட்ரீமிங்'குக்காகக் கேளுங்கள். கிளெம் பர்க் அதில் ஒரு பார்கூடச் சும்மா இருப்பதில்லை. பாட்டு முழுக்கச் சுருளடி (டிரம் ரோல்). முந்தைய ஆண்டு ஒரே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர்தான். 2025 ஏப்ரலில் காலமானார். டிரம்ஸ் கற்பவர்கள் அந்தச் சுருளடிகளை முழு வேகத்தில் தொடவேண்டாம். பாதி வேகத்தில், ஸ்னேரிலிருந்து டாமுக்குக் கை மாறும் இடத்தில் எந்தக் கை முதலில் போகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.